வெயிலில் மூடிய இலைகள்

கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் வீதியோரத்தில், காலை பத்து மணி வெயிலில், அந்த மாரா என்கிற தூங்குமூஞ்சி மரம் இலைகளை மூடிக்கொண்டு நிற்கிறது. இருட்டினால் மூடும், மழை இறங்கினாலும் மூடும். இப்படிப் பளிச்சென்ற வெயிலில் அது மூடிக் கிடந்ததை, எட்டு வருடமாக அதன் அடியில் கூட்டுகிற மாநகரசபைத் தொழிலாளி தெய்வானை ஒருநாளும் பார்த்ததில்லை. இனிப்பு வாசம் வீசும் கறுத்த காய்களும் இளஞ்சிவப்புப் பூக்குஞ்சங்களும் உதிர்கிற இடத்தில், இன்று பச்சை இலைகள்தான் குவிந்திருக்கின்றன. விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு வேரருகே குந்துகிறாள். பட்டையில் ஓரிடத்தில் ஈரக் களிமண் அப்பியிருக்கிறது. நகத்தால் சுரண்டுகிறாள். உள்ளே விரல் நுழையுமளவு வட்டமான துளை. புல்லைச் சாகடிக்க அடிக்கிற மருந்தின் நெடி மூக்கில் ஏறுகிறது.

எதிரே, இந்த மரத்தின் கிளைகள் மறைக்கும் புதுப் பெயர்ப்பலகையின் கீழே கடை முதலாளி சண்முகநாதன் நிற்கிறார். ஒருநாளும் முகம் பார்த்துப் பேசாதவர், இன்று பிளேன்டீக் கோப்பையோடு வீதியைக் கடந்து வருகிறார். தெய்வானை சட்டென்று திரும்பி, முதுகால் துளையை மறைத்துக்கொள்கிறாள்.

"குடிங்கம்மா. கெழட்டு மரம், வண்டு தொளைச்சிருக்கும். விடுங்க."

ஆவி பறக்கும் கோப்பை அவள் முன்னால் நீண்டபடி இருக்கிறது. அவள் கை நீட்டவில்லை.

"தொளை இருக்குன்னு நான் சொல்லவே இல்லியே, முதலாளி?"

கோப்பையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார். சுடுகிற தேநீர் அவர் விரல்களில் வழிகிறது. அவர் கையை உதறவில்லை.