ஆரஞ்சுப் பட்டை

நேற்றும் வரவில்லை. இன்றும் முதல் பஸ்ஸைக் காணவில்லை.

அம்மா சாலைத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை அவளுக்கு. நேற்று நடந்தே போய்ச் சேர்ந்ததில் தாமதமாகிவிட்டது. மேற்பார்வையாளர் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாராம். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவாராம்.

அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. மகளின் படிப்பும் ஓடியது.

என்னதான் ஆயிற்று என்று பார்க்க இன்று மகளும் கூடவே வந்திருந்தாள்.

நிறுத்தத்தில் நல்ல கூட்டம். வார்டு கூட்டுகிறவள், சமையல்கூடத்துக்காரி, வாசல் காவலாளி என்று எல்லோரும் ஆஸ்பத்திரி ஆட்கள். அம்மா அவர்களிடம் மகளைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். இலக்கியம் படித்த பெண், இப்போது கம்ப்யூட்டரில் கணக்குகளை வைத்துக் கதை சொல்லப் படிக்கிறாள், பரிசும் வாங்கியிருக்கிறாள். பெருமை வந்துவிட்டால் அம்மாவிடம் ஒன்று பத்தாகும். ஆனால் பரிசு உண்மை.

பொறியியல் படித்தவர்கள் நிறைந்த வகுப்பில் மகளுக்குப் ‘புலவர்’ என்று பெயர். ஃபார்முலா என்றாலே புலவருக்கு ஆகாது. கதை என்று வந்தபோதுதான் கை ஓங்கியது.

எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கு, சொல்ல வந்த ஒன்றுக்கு மட்டும் வண்ணம் கொடு என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

அவளுக்குக் கிடைத்தது இந்த வழித்தடத்து பஸ்களின் டிக்கெட் விவரம். எந்த ட்ரிப் எத்தனை மணிக்கு என்று அதில் இல்லை, ட்ரிப் எண் மட்டுமே. ஒன்று மட்டும் நாள் தவறாமல் காலியாக ஓடியிருந்தது. ட்ரிப்புக்கு ஒரு பட்டையாகப் படம் வரைந்து, அந்தக் குட்டைப் பட்டைக்கு மட்டும் ஆரஞ்சு பூசினாள். ‘யாரும் ஏறாத பஸ்’ என்று தலைப்பு வைத்தாள்.

அம்மா போகும் வண்டியாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அதில் கால் வைக்க இடமில்லை என்று அம்மா தினமும் புலம்புவாள். அப்படியானால் இது வேறு வண்டி என்று விட்டுவிட்டாள்.

அது எந்த வண்டி என்று யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புலவருக்கு இதுகூடத் தெரியாதா என்பார்களே என்ற கூச்சத்தில் வாயைத் திறக்கவில்லை.

கதை எடுபட்டது. பரிசளிப்புக்கு விருந்தினராக வந்திருந்த பஸ் நிறுவன அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டும் போனார்.

நிறுத்தத்துக் கம்பத்தில் புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அம்மாதான் முதலில் கவனித்தாள். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்ததால், மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

எழுத்து தெரியவில்லை. அதற்குக் கீழே இருந்த படம் தெரிந்தது. வரிசையாகச் சாம்பல் பட்டைகள், நடுவே ஒன்று மட்டும் ஆரஞ்சு.

“இது நம்ம வீட்டுச் சுவத்துல ஒட்டியிருந்த படமாச்சே. இந்தக் கலரு நான் சொன்னதுதானே?”

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவர்களும் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் ஆசையாக எட்டிப் பார்த்தார்கள்.

மகள் படத்தைப் பார்க்கவில்லை. அவர்களுடைய கைகளைப் பார்த்தாள்.

பஸ் வந்ததும் கண்டக்டரிடம் காட்டுவதற்காக, எல்லோர் கையிலும் மாதப் பாஸ் தயாராக இருந்தது. ஒருவர் கையிலும் டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லை.

படத்துக்காக அவள் கணக்கிட்டது டிக்கெட்டுகளை மட்டும்தான். பாஸில் போகிறவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

அம்மா கையில் இருந்த பாஸை, போன வாரம் வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். படத்துக்கு மேலே, ஆள் ஏறாததால் முதல் ட்ரிப் நிறுத்தப்பட்டது என்று இருந்தது. அந்த நோட்டீஸோடு சேர்த்துத் தன்னையும் கிழித்துப் போட்டுவிடலாம் போலிருந்தது.

அம்மா அவள் தோளைத் தட்டினாள்.

“சரி, பெருமையெல்லாம் அப்புறம். வண்டி எப்ப வரும்னு போட்டிருக்கும் பாரு, அதப் படிச்சுச் சொல்லும்மா. எனக்கு நேரமாகுது.”