ஒருவர் பார்க்கிறார்

“ஐயா, ஒருத்தர் வந்துட்டாங்க. ஆரம்பிங்க.”

கோயில்பிள்ளை ஸ்டாண்டில் நின்ற போனை எட்டிப் பார்த்துச் சொன்னார். திரையின் மூலையில் ஒரு கண் படம், பக்கத்தில் 1.

அவர் கையில் தீப்பெட்டி. அதைத் தினமும் வெஸ்ட்ரியில் மறந்துவிடுவார். நேரலை தொடங்கிய பிறகுதான் ஞாபகம் வந்து, பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன அறைக்கு ஓடுவார். முப்பது வருஷமாக அந்தக் கோயிலில் மணி அடித்து, பெருக்கி, மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர். பாஸ்டர் ஒன்றும் சொல்வதில்லை.

“ஒருத்தருக்காகவா அண்ணே?”

“எத்தனை பேர் வந்தா ஐயாவுக்குக் கட்டுப்படியாகும்?”

முகக்கவசத்துக்கு மேலே கோயில்பிள்ளையின் கண் சிரித்தது. பாஸ்டர் சிரிக்கவில்லை. வேதாகமத்தைத் திறந்தார்.

தொற்று வந்து கோயிலைப் பூட்டிய பிறகு, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலம் இது இரண்டாவது. நாற்பது நாளும் காலை ஆறு மணிக்கு ஜெபம். உள்ளே இவர்கள் இருவருக்கு மட்டும் அனுமதி. முதல் நாள் எண்பது பேர் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் இருபது. மற்ற சபைகளின் வீடியோவில் டிரம்ஸும் கலர் லைட்டும் இருந்தன. ஒன்பதாம் நாள் யாருமே வரவில்லை.

அன்று பாஸ்டர், ஊழியத்திலிருந்து தன்னை விடுவிக்கும்படி பேராயருக்கு ஒரு கடிதம் எழுதினார். உறையை ஒட்டிக் கோயில்பிள்ளையிடம் கொடுத்தார்.

“நாளைக்கும் யாரும் வரலைன்னா இதைப் போஸ்ட் பண்ணிடுங்க.”

“நாளைக்கு வந்தா?”

“வராத அன்னைக்குப் பண்ணுங்க.”

பத்தாம் நாள் ஒருவர் வந்தார். அதன் பிறகு தினமும் அந்த ஒருவர்.

பாஸ்டருக்கு முப்பத்துநாலு வயது. மனைவி போன மழைக்காலத்தில் அந்த நோயில் இறந்தாள். பத்து நாள் கழித்து அவளுடைய துணி, கண்ணாடி, போன், செருப்பு எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, “யாருக்காவது குடுத்துடுங்கண்ணே” என்றார். கோயில்பிள்ளை தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

“யாரா இருக்கும் அண்ணே, அந்த ஒருத்தர்?” என்று ஒருநாள் கேட்டார் பாஸ்டர்.

“படுக்கையில கிடக்கிறவங்களா இருக்கும். நல்லா இருக்கிறவன் எவன் ஆறு மணிக்கு எழுந்திரிக்கிறான்?”

அது பாஸ்டரின் மனதில் தங்கிவிட்டது. மறுநாளிலிருந்து நிறுத்தி நிதானமாகப் பேசினார். நீளமான பாட்டுகளை விட்டுவிட்டார். ஜெபம் முடிந்ததும் போனுக்குப் பக்கத்தில் வந்து, “சாப்பிட்டீங்களா? முடியலைன்னாலும் கொஞ்சம் சாப்பிடணும்” என்றார். வீட்டுக்குப் போனபோதுதான், முந்தின நாள் மதியத்திலிருந்து தான் எதுவும் சாப்பிடவில்லை என்பது உறைத்தது. அடுப்பைப் பற்ற வைத்தார்.

அந்த வாரம் சவரமும் செய்தார்.

“நீங்க இருக்கீங்கன்னு ஒரு அடையாளம் காட்டுங்களேன்” என்று ஒருநாள் கேமராவைப் பார்த்துக் கேட்டார்.

மறுநாள் ஆராதனை தொடங்கியதும் திரையில் ஒரு தக்காளிப் படம் எழும்பி மறைந்தது.

“என்னண்ணே இது, தக்காளி?”

“கும்பிடுற கையைத் தேடியிருப்பாங்கய்யா. விரல் தடுமாறியிருக்கும்” என்றார் கோயில்பிள்ளை, ரொம்பத் தெரிந்தவர் மாதிரி. அவரிடம் இருந்தது பட்டன் போன். அதிலும் ஐந்தாம் எண் அமுங்காது.

அன்று பாஸ்டர் சிரித்துவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு.

ஈஸ்டர் அன்று விடியற்காலை கோயில்பிள்ளைக்குக் காய்ச்சல். கோயிலுக்குப் பின்னால் இருந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார். பாஸ்டரே மணி அடித்தார். வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நேரலையைத் தொடங்கினார்.

0.

ஈஸ்டருக்குச் சபையார் எல்லோரும் பேராலயத்தின் ஆராதனையைப் பார்ப்பார்கள். அது அவருக்குத் தெரியும். ஆனால், அந்த ஒருவர்?

ஐந்து நிமிஷம் நின்றார். பத்து நிமிஷம் ஆனது. பக்கத்துச் சுவரில் இருந்த கோயில் டெலிபோனை எடுத்துக் கோயில்பிள்ளையைக் கூப்பிட்டார்.

“அண்ணே, காய்ச்சல் எப்படி இருக்கு?”

“பசிக்கிற அளவுக்கு நல்லா இருக்குய்யா.”

“அவங்க வரலைண்ணே.”

மறுமுனையில் கோயில்பிள்ளை எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

“அப்போ... அந்த லெட்டரை அனுப்பணுமாய்யா?”

“லெட்டரை விடுங்க. அவங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு. பேரு தெரியாது, ஊரு தெரியாது, யாரைப் போய்க் கேட்கிறது? உயிரோட இருக்காங்களா இல்லையா, அது தெரிஞ்சா போதும்ணே.”

கோயில்பிள்ளை மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“ஐயா, முதல்ல மெழுகுவர்த்தியை ஏத்துங்க.”

“தீப்பெட்டியைக் காணோம்.”

“வெஸ்ட்ரி அலமாரியில, கீழ்த்தட்டு. பாடகர் அங்கிக்கு அடியில பாருங்க.” கொஞ்சம் தயங்கினார். “பார்த்துட்டு என்மேல கோபப்படாதீங்கய்யா.”

போனை வைத்துவிட்டார்.

பாஸ்டர் வெஸ்ட்ரிக்குள் போய் அங்கிகளை விலக்கினார். தீப்பெட்டி இருந்தது. அதற்கு அடியில், சார்ஜரில் செருகியபடி, யாருக்காவது கொடுத்துவிடச் சொன்ன தன் மனைவியின் போன்.

அதை எடுத்து வந்து, அவள் வழக்கமாக உட்காரும் இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில், பாட்டுப் புத்தகத்தில் சாய்த்து வைத்து நேரலையைத் திறந்தார். ஸ்டாண்டில் நின்ற போனின் மூலையில் 1 வந்ததும் மெழுகுவர்த்தியை ஏற்றினார்.