பேச்சு முடியட்டும்

வானொலியில் முப்பது வருடம் வாயால் பிழைத்த மாசிலாமணிக்கு ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கடல் தாண்டி ஒரு தீவுக்குப் போய், அங்குள்ள இளசுகளுக்குச் சமூக வானொலி நடத்தச் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்தார். இரண்டு விநாடி மௌனம் விழுந்தால் நிலையம் செத்துவிட்டதாக அர்த்தம் என்பதுதான் முதல் பாடம். திறப்பு நாள் காலை ஆறு மணிக்கு, அரைகுறையாகக் கற்ற அவர்கள் பாஷையில் வாழ்த்துச் சொல்ல உட்கார்ந்தார். அடுத்துப் பேசவேண்டிய மெலே என்ற பெண் மைக்கை வாங்காமல் கைகட்டிக் கேட்டுக்கொண்டே நின்றாள். மௌனம் விழக் கூடாதே என்று அவர் வானிலையில் ஆரம்பித்து, வத்தக்குழம்பைத் தாண்டி, தன் மூலநோய் வரைக்கும் வந்துவிட்டார். பத்து மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தால், பேருந்து நடுரோட்டில் நிற்கிறது. பாதி முகம் மழித்த ஆளும் கத்தி பிடித்த நாவிதரும் ரேடியோ முன்னால் அசையாமல் இருக்கிறார்கள். படகுக்காரர்கள் மணலில் ஒரு ரேடியோவை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மைக்கை உள்ளங்கையால் பொத்தியும் பொத்தாமலும், “என்னம்மா இது?” என்றார்.

“ஒருத்தர் பேசிட்டிருக்கும்போது எந்திரிச்சுப் போறது எங்க ஊர்ல மரியாதை இல்லீங்க சார். கடல்ல தண்ணி வத்திட்டா படகு இறங்காது. எப்ப முடிப்பீங்க?”

மாசிலாமணி வாயை மூடினார். ஒரு விநாடி. இரண்டு. பேருந்து உறுமியது. கத்தி கன்னத்தில் இறங்கியது. முதல் படகை நீருக்குள் தள்ளினார்கள். அப்பாடா என்று மைக்கிலிருந்து கையை எடுத்தவருக்கு அடக்க முடியாத தும்மல் ஒன்று வந்தது.

படகைத் தள்ளியவர்கள் கையை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார்கள். படகு மட்டும் போய்க்கொண்டிருந்தது.