ஆயிரத்து இருநூறு டிகிரியில் ஒரு ரேகை

எங்கள் ஆய்வுக்கூட வாசலில் இருக்கும் வருகைப்பதிவு இயந்திரத்துக்குச் சிந்தாமணியக்காவின் விரல் தெரிவதில்லை. இருபது வருடம் இங்கே வார்ப்பு அச்சுகளைத் தேய்த்து மெருகேற்றியதில் ரேகை அழிந்துவிட்டதாம். பதிவாகாதவர்களுக்கு வெள்ளிக்கிழமை முதல் வேலை கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

புதன்கிழமை, சிலிக்கன் கலந்த இளகிய பாலிமர் வில்லையை உலையில் வைக்கும்போது அக்காவின் கட்டைவிரல் அதில் பதிந்துவிட்டது.

“அய்யோ மேடம், கெடுத்துட்டேனே!”

“இருக்கட்டும்க்கா, அப்படியே வைங்க.”

காற்றில்லாத உலையில், ஆயிரத்து இருநூறு டிகிரியில், அந்த மஞ்சள் வில்லை மூன்றில் ஒரு பங்கு சுருங்கி, கண்ணாடியையே கீறும் கறுப்புச் சிலிக்கன் கார்பைடாக வெளியே வந்தது. நுண்ணோக்கியில் வைத்தேன். குழந்தையின் விரலளவுக்குச் சிறுத்த ரேகை, ஒரு வரிகூட அறுபடாமல் சுழித்துக் கிடந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் அவள் கண்ணை எடுக்கவில்லை.

“என்னுதா மேடம்? இம்புட்டு அழகாவா இருக்கு?”

“நீங்களே வச்சுக்கங்கக்கா.”

வெள்ளிக்கிழமை காலை இயந்திரம் வழக்கம்போல அவளை மறுத்தது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த வில்லையை எடுத்து இயந்திரத்தின் கண்ணாடிமேல் வைத்தாள். அப்புறம் அச்சைத் தேய்க்கும் அதே நிதானத்தோடு, கண்ணாடி கிறீச்சிட, அழுத்தித் தேய்த்தாள்.

அடுத்து வரிசையில் நின்றது நான். விரலை வைத்தேன். இயந்திரத்துக்கு என்னையும் தெரியவில்லை.