வீட்டுக்கு ஒரு ஸ்மோக்கர்

"இதுல புகை வெளியே கசியுமா?" என்று கேட்டார் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

கடைக்காரருக்கு முகமெல்லாம் பல். கறியைப் புகையிலேயே வேகவைக்கும் அந்த ஸ்மோக்கர், துணி அலமாரி மாதிரி ஆளுயரத்துக்கு நின்றது. கதவைத் திறந்து, உள்ளே தட்டுத்தட்டாக இருந்த கம்பி வலைகளைக் காட்டிவிட்டு 'டப்'பென்று மூடினார்.

"ஒரு பொட்டுகூட கசியாது சார். கரண்ட்ல ஓடுது. கறியை உள்ள வெச்சு, ஸ்விட்சைத் தட்டிட்டு நீங்க பாட்டுக்குப் போய்த் தூங்கலாம்."

மாஸ்டரின் முகம் தொங்கிப்போனது.

"தூங்கறதுக்கா காசு குடுத்து வாங்கறேன்? வேற காட்டுங்க. பக்கத்துலயே உக்காந்து பார்த்துக்கற மாதிரி."

"முதல் தடவை வாங்கறவங்க எல்லாரும் இதைத்தான் சார்..."

"எல்லாரும் கிடக்கட்டும்."

கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே, மூலையில் தூசி படிந்து நின்ற இன்னொன்றைக் காட்டினார். மெல்லிய தகரம். கதவைச் சாத்தினாலும் ஓரத்தில் சுண்டுவிரல் நுழையும்.

"இது சரியான சண்டி சார். கரி போட்டு எரிக்கணும். மணிக்கணக்கா காவல் காக்கணும். நாலா பக்கமும் புகை வரும். சட்டை, தலைமுடி எல்லாம் நாத்தம் புடிச்சுக்கும். என் தம்பி கேட்டாக்கூட நான் குடுக்க மாட்டேன்."

"அருமை!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்ட மாஸ்டர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தார்.

அவள் நர்ஸ். கொசுவத்தி கொளுத்தினாலே வீட்டை இரண்டாக்குகிறவள். இதோ ஆரம்பிக்கப் போகிறாள் என்று நினைத்தார்.

"ஏங்க, இந்த நாத்தம் குளிச்சா போயிடுமா?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"லேசுல போகாது மேடம். மறுநாளும் அடிக்கும்."

"வீட்டுக்குள்ள வெக்கலாமா?"

"ஐயையோ, கூடவே கூடாது! கொல்லைப்பக்கம், சுவரை விட்டுத் தள்ளித்தான்."

அவள் ஸ்மோக்கரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின்பக்கம் போய் நின்று, அங்கே இருந்தால் ஆள் தெரியுமா என்பதுபோல் எட்டிப் பார்த்தாள்.

"இதையே எடுத்துக்கலாங்க" என்றாள்.

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நெஜமாவா? உனக்குத்தான் புகைன்னாலே ஆகாதே!"

"நீங்க ஆசைப்பட்டுக் கேக்கறீங்க. வேணாம்னு சொல்ல நான் என்ன ராட்சசியா?"

இப்படி ஒருத்தியையா ஏமாற்றப் போகிறோம் என்று ஒரு கணம் அவருக்கு உறுத்தியது. ஒரே ஒரு கணம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் புகை குபுகுபுவென்று கிளம்பியது. பக்கத்து வீட்டில் படபடவென்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். மனைவியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, மாஸ்டர் உள்ளே ஓடிப்போய், பழைய ஷூவுக்குள் ஒளித்து வைத்திருந்த பாக்கெட்டை எடுத்தார். கல்யாணத்துக்கு முன்பே விட்டுவிட்டதாக அவளிடம் சத்தியம் செய்து கொடுத்த சிகரெட். இனிமேல் சட்டையை மோந்து பார்த்து யாரும் கேள்வி கேட்க முடியாது!

சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு, பூனைபோல் நடந்து ஸ்மோக்கருக்குப் பின்னால் போனார்.

கடைக்குப் போயிருக்க வேண்டிய நர்ஸ் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூக்கு வழியாக நிதானமாகப் புகையை விட்டபடி, தீப்பெட்டியை அவரிடம் நீட்டினாள்.