கடலுக்கு முதுகு காட்டிய பங்கர்

பங்கரின் கான்கிரீட் மூடியை நான் திசை திருப்பி வைத்துவிட்டேன்.

கடலைப் பார்க்க வேண்டிய துப்பாக்கித் துளை ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிரேன் ஓட்டுகிறவனின் கண் மூடியின் மேல் இருக்க வேண்டும். என் கண் பால் கடை வரிசையில் இருந்தது. பால் தீர்வதற்குள் என் மனைவி மெரேமேயின் முறை வருமா என்று பார்த்தபடியே இறக்கிவிட்டேன்.

முறை வரவில்லை. அது வேறு கதை.

சாந்து இறுகிய பிறகு, காலையில்தான் மேஸ்திரி வெஹ்பி கவனித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அடப்பாவி, அமெரிக்காக்காரன் கடல்லேர்ந்து வந்து இறங்கினா நாம அவனுக்கு முதுகையா காட்டுறது?”

போன வருடம் பக்கத்து ஊரில் ஒருவன் கலவையிலிருந்து கொஞ்சம் சிமெண்டை எடுத்துவிட்டான். நாசவேலை என்றார்கள். இப்போது செம்புச் சுரங்கத்தில் கைதியாக இருக்கிறான். அந்தச் சிமெண்டில் அவன் கட்டிய கோழிக்கூட்டையும் இடித்துவிட்டார்கள்.

அல்பேனியாவில் சிமெண்டுக்குப் பஞ்சமே இல்லை. வீட்டுக்குத்தான் பஞ்சம். சோளக்காட்டில் பங்கர், கல்லறைத் தோட்டத்தில் பங்கர். அப்பா, அம்மா, தம்பி, நான், மெரேமே, அவள் வயிற்றில் இருப்பது, எல்லாருக்கும் ஒரே அறை. தம்பிக்குப் பெண் நிச்சயமாகி வருடங்கள் ஆகின்றன. படுக்கை போட ஒரு மூலை கிடைத்தால் கல்யாணம்.

வீடு எப்போது கிடைக்கும் என்று அலுவலகத்தில் கேட்டால், எதிரி எந்த நேரமும் வரலாம் என்பார்கள். முட்டை எப்போது வரும் என்று கேட்டாலும் அதே பதில்தான்.

பயந்தாயா என்றால், இல்லை. மரத்துப்போன காலில் முள் தைத்த மாதிரி இருந்தது.

பார்வையிட வந்த கமாண்டரிடம் நானே போய்ச் சொன்னேன். வீரத்தினால் அல்ல. ஒளித்து வைக்கிற அளவில் இல்லை அந்தப் பொருள்.

அவர் குனிந்து உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்தத் துளை வழியாக என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும். பால் கடை. வரிசை. காலித் தூக்கோடு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிற்கும் மெரேமே.

கமாண்டர் வெளியே வந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார்.

உடைத்துவிட்டுக் கடல் பக்கமாக வைத்துவிடுகிறேன் என்றேன். அதற்குள் எதிரி வந்துவிட்டால் என்ன செய்வது, தோழர் என்றும் கேட்டுவைத்தேன். கேட்டால் கொஞ்சம் பொறுப்பானவன் மாதிரி தெரியுமே.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

“கடல்லேர்ந்து எவனும் வரமாட்டான்” என்றார். “அடுத்ததையும் இப்படியே வை.”