படம் வந்த வழி

சென்ற வார்டுத் தேர்தல் முடிந்த மறு மாதம் ஒரு பேருந்து நடத்துநர் சொல்லக் கேட்டது இது. அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

வேட்பாளர் ஒரு நர்ஸ். மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள். அன்று காலை தெருவிலுள்ள ஃபோன்களிலெல்லாம் ஒரு படம்: விடுதி அறையில், யாரோ ஓர் ஆணுடன் அவர். முகம் மட்டுமே அவருடையது, மற்றதெல்லாம் ஒட்டுவேலை. அதைப் பார்த்துவிட்டு அவர் தன் அண்ணனிடம் சொன்னார்:

"வாபஸ் வாங்கிடறேண்ணா. முகம் தெரியாதவன் செஞ்சா தாங்கிக்குவேன். நம்ம தெருவே என் பேரைக் கெடுக்க நெனைச்சா, இவங்ககிட்டயே எப்படி ஓட்டுக் கேக்கறது?"

"அவசரப்படாதே. இங்க இதைக் கிளப்பிவிட்டவன் எவன்னு பாத்துட்டு வர்றேன்."

அண்ணன் நேராகப் போய், படத்தைப் பலருக்கும் அனுப்பியிருந்த சலூன்காரரின் சட்டையைப் பிடித்தார்.

"கையை எடுங்க! பாதி ஷேவிங்ல ஆள் உக்காந்திருக்கார். எனக்கு மருந்துக் கடைக்காரர் அனுப்பினார். அவரைப் போய்ப் பிடிங்க."

மருந்துக் கடைக்காரர் தலை நிமிரவில்லை.

"வந்துச்சு, அனுப்பினேன். நானா தயாரிச்சேன்? உங்க கூட்டாளி கம்பிதான் கொடுத்தான்."

கம்பி என்பது வயரிங் வேலை செய்யும் நண்பரின் பட்டப்பெயர். அவர் ஏணியில் நின்றிருந்தார்.

"எறங்குடா கீழே! என் தங்கச்சி படத்தை ஊருக்கே அனுப்புவியா? உனக்கு எவன் கொடுத்தான்?"

"நீயா கேக்கறே?"

இறங்கி வந்து ஃபோனைக் காட்டினார். நண்பர்களின் வாட்ஸ்அப் குழு. விடியற்காலையில் முதலில் வந்திருந்தது அந்தப் படம். அனுப்பியவர் அண்ணன். அடுத்த செய்தியும் அவருடையதே: 'என் தங்கச்சியைப் பத்திப் பொய் பரப்பறானுங்க, பாருங்கடா.'

"பாருங்கடான்னே. பாத்தோம்."

"தெரியாத நம்பர்லேர்ந்து எனக்கு வந்துச்சுடா. எல்லாருக்கும் வந்திருக்கும்னு நெனச்சேன். பொய்னு எழுதியிருந்தேனே!"

"படத்தைத்தானே தள்ளிவிடறாங்க? எழுத்தை எவன் அனுப்பறான்?"

அண்ணன் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"யாருண்ணா?"

"நான்தாம்மா."

நடந்ததைச் சொன்னார். தங்கை கையெழுத்திட்டு வைத்திருந்த வாபஸ் மனுவை இரண்டாகக் கிழித்தார்.

"செருப்பைப் போடு. ஒவ்வொரு வீடா நீ முன்னால போய்ச் சொல்லு, இது பொய், நான்தான் அனுப்பினேன்னு. நான் பின்னால ஓட்டுக் கேட்டுக்கிட்டே வர்றேன்."

நடத்துநர் இத்துடன் நிறுத்திக்கொண்டார்.

இதே கதையைப் பிற இடங்களில் கேட்டபோது முடிவு வேறாக இருந்தது. அங்கெல்லாம் வாசலில் நிற்கும் அண்ணன், "மருந்துக் கடைக்காரன்தான்" என்கிறார். தங்கை வாபஸ் வாங்கிவிடுகிறார். தெருவோ, ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பதாகச் சொல்லி, அந்தக் கடைப் பக்கம் போவதையே நிறுத்திவிடுகிறது.